தறியில் ஒரு தம்பதி

12-2-68, திங்கள்
பத்திரிகையின் ‘மாறுகிற ஊர்கள்’ தொடருக்காக இன்று காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம். டிரான்சிஸ்டர் கேட்டபடி நெய்கிற வீடாகப் பிடித்து வா என்று ஆசிரியர் உத்தரவு. கிடைத்தது! கலாவதி, தர்மன் என்று இருவர், ஒரே தறியில் தோளோடு தோளாக. உத்தரத்தில் டிரான்சிஸ்டர் தொங்குகிறது. பாட்டு நின்று உர விலை சொல்ல ஆரம்பித்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள். ‘கிளிக்’. என்ன அருமையான ஜனங்கள்.

28-2-68
படம் வந்துவிட்டது. அரைப் பக்கம்! அடியில் நான் எழுதிக் கொடுத்தபடியே: ‘தறியில் ஒரு தம்பதி’.

3-3-68, ஞாயிறு
கெட்டது குடி. அவர்கள் தம்பதியே இல்லையாம்.
கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரை நூலுக்குத் தனி நாடாக்கட்டை ஓட்ட இன்னொரு ஆள் ஒட்டி உட்கார்ந்தே ஆக வேண்டும். தர்மன் அடுத்த தெருவிலிருந்து அந்த வேலைக்கு வருகிறவர், கல்யாணம் ஆகாதவர். கலாவதி புருஷனைப் பறிகொடுத்து ஐந்து வருஷமாகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் வாயா வலிக்கும்? மடையன், மடையன்.
தெருவே சிரிக்கிறதாம். தர்மன் வெட்கப்பட்டு வேலைக்கு வரவில்லை. பாதிச் சேலையோடு தறி நிற்கிறது. அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே.

5-3-68
ஆசிரியரிடம் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகட்டும், அடுத்த இதழில் திருத்தம் போடச் சம்மதித்தார்.

6-3-68
தர்மனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். கலாவதியிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்தம் வரப்போவதைச் சொன்னேன்.
“அதுல என்னான்னு போடுவாங்க அண்ணா?”
நீங்கள் இருவரும் தம்பதி இல்லை என்று, என்றேன்.
தறியில் அறுந்திருந்த இழை ஒன்றை முடிந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் தர்மனைப் பார்த்துச் சொன்னாள்: “அப்படிப் போட்டுட்டா அப்புறம் அதுவே நெசமாயிடும் இல்ல?”
தர்மனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கேமராவைத் தொடக்கூடத் தோன்றவில்லை. செருப்பு மாட்ட வாசலுக்கு வந்தேன். தர்மன் பின்னாலேயே வந்தார்.
“சார், தந்தி குடுத்தா இன்னிக்கே போயிடுமா?”
நேரே தபாலாபீஸ். ஆசிரியருக்குத் தந்தி: திருத்தம் வேண்டாம். செய்தி சரி.