பெரியவருக்குப் படித்துக் காட்டுங்கள்

ஆஹென், ஜெர்மனி
9-3-1972

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் பாதி நலம்தான். கண்மணிக்கு இழுப்பு நிற்கவில்லை. சமையலறையில் கொடி கட்டிப் போட்ட துணி நாலு நாளாகக் காயவில்லை, ஜன்னலோரச் சுவரில் பூஞ்சை பிடித்துவிட்டது. குழந்தைக்கு வெயிலும் உலர்ந்த காற்றும்தான் மருந்து என்று டாக்டரம்மா மறுபடியும் சொன்னாள். அப்பா வெயில் வாங்கத்தான் ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார் என்று உங்கள் மகள் அவளுக்குப் பதில் சொன்னாள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று அறை, மொட்டை மாடி, வாசலில் எலுமிச்சை மரம். இத்தனைக்கும் வாடகை இந்த ஒற்றை அறைக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை என்றால் நம்பவே முடியவில்லை. அரிசியும் அந்தப் பக்கமே விளைகிறதாமே. வந்த மறுநாளே மாடியில் வடாம் பிழிந்து காயவைக்கப் போகிறேன். அலிகாந்தே ஊரே வந்து வேடிக்கை பார்க்கட்டும்.

யூனிவர்சிட்டியில் கான்ட்ராக்ட் முடிந்து நாம் விழித்துக்கொண்டு நின்ற நேரத்தில், அங்கே குடியேறிய ஜெர்மன்காரர் டாக்டர் வெபர் தன் பழச்சாறு பாக்டரிக்கு உங்களைக் கெமிஸ்டாகக் கூப்பிட்டு, தன் தோட்டத்திலேயே வீடும் கொடுத்தது நம் அதிர்ஷ்டம். அந்தக் காலத்தில் வைத்தியம் பார்த்தவராம், கண்மணியின் இழுப்பைத் தானே குணப்படுத்துகிறேன் என்றாராம். படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. தங்குவதற்குப் பெர்மிட் வாங்க என்று அவர் கேட்டு வாங்கிய உங்கள் பாஸ்போர்ட்டை ஐந்து வாரமாகியும் ஏன் திருப்பித் தரவில்லை? கேட்கக் கூச்சமாக இருந்தால் பெண்டாட்டி பிடுங்குகிறாள் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. பொய்தான் உங்களுக்கு வராதே. கல்யாணப் பந்தியில் சாம்பார் எப்படி என்று கேட்ட என் அப்பாவிடம் உப்பு கூடுதல் என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை நீங்கள்தான்.

கீழ்வீட்டுக் கடிகாரக் கடைக்காரர் ஹெர் லெவி எங்களுக்கு ரொம்ப உதவி. கரி மூட்டையை மாடிக்குத் தூக்கி வந்து கொடுத்தார். சட்டைக் கையை மடித்திருந்ததால் அப்போதுதான் பார்த்தேன், இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறார். பெயர் இல்லை, வெறும் எண்கள். நம் ஊரில் பெண்கள் புருஷன் பெயரைக் குத்திக்கொள்கிற நினைப்பில், யாருக்காகக் குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, கொஞ்ச காலம் இதுதான் என் பெயர் என்றார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று இருந்தது. கண்மணி அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டாள். ஒன்று, ஏழு, ஏழு என்று ஆரம்பித்து ஆறு எண்களையும் ஜெர்மனில் பாடுகிறாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் தொப்பி இல்லாமல் அலைய வேண்டாம்.

இப்படிக்கு, உங்கள்
கிரிஜா


ஆஹென்
24-3-1972

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதமும் போட்டோவும் வந்தன. என்ன மனிதர் நீங்கள்! நான் எழுதும் கடிதங்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து பெரியவர் வெபருக்கு வரி வரியாக ஜெர்மனில் சொல்கிறீர்களாமே. வீட்டுக்குக் கடிதம் வந்தால் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிற நம் ஊர்ப் பழக்கத்தை ஸ்பெயின் வரை கொண்டு போய்விட்டீர்கள். சாம்பார் விஷயத்தையும் சொன்னீர்களா? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. கண்மணியின் எண் பாட்டை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லி அவர் கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். குழந்தையின் விளையாட்டு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது எனக்குப் பெருமைதான்.

போட்டோ எடுத்தால் அவருக்குப் பிடிக்காது, எலுமிச்சை மரத்தடியில் அவர் திரும்பிய சமயம் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றீர்கள். அதனால் என்ன, முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது. கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராஜா மாதிரி நிற்கிறார். பெருமை தாங்காமல் ஹெர் லெவியிடம் கொண்டு போய்க் காட்டினேன். எங்கள் வருங்கால வீடு, எங்கள் பெரியவர் என்றேன். அவர் கடிகாரக்காரர்கள் வைத்துக்கொள்ளும் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இது எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். உறையின் பின்னாலேயே என் வீட்டுக்காரர் முழு விலாசமும் எழுதியிருக்கிறார் என்று உறையையும் கொடுத்தேன். தபால்தலை சேர்க்கிறவர் ஆயிற்றே, வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். போட்டோவை ஒரு நாள் இரவல் கேட்டார், அதையும் கொடுத்தேன்.

இது நடந்து மூன்று நாள் ஆகிறது. அன்றிலிருந்து கடை பூட்டியே கிடக்கிறது. போட்டோவும் திரும்பி வரவில்லை. ஏதோ உடம்புக்குச் சரியில்லை போலிருக்கிறது.

கனமான கோட்டுகளை எல்லாம் பக்கத்துத் தெரு சியாமளா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அங்கே எதற்கு? ஆனாலும், ஏன் என்று தெரியவில்லை, கண்மணியின் கோட்டை மட்டும் கொடுக்க மனம் வராமல் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏப்ரல் 29ஆம் தேதி கிளம்புகிறோம். அதற்குள் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு, உங்கள்
கிரிஜா


ஆஹென்
7-4-1972

அத்தான்,

முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். பெரியவர் பக்கத்தில் இருந்தால், கடைசிப் பத்தியை மட்டும் அவருக்கு ஜெர்மனில் சொல்லுங்கள். நடுவில் உள்ளதெல்லாம் என் அக்கா வீட்டுச் சண்டை என்று சொல்லிவிடுங்கள். பெண்டாட்டி புலம்பல் என்றால் எந்த ஊரிலும் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பிறகு தனியாக இருக்கும்போது படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

கடிதம் போட்ட மறுநாள் ஹெர் லெவி வந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாம் சொன்னார். யுத்தத்தின்போது போலந்தில் யூதர்களை அடைத்த ஒரு முகாமில் அவரை வைத்திருந்தார்கள், கையில் அந்த எண்ணைக் குத்தியதும் அங்கேதான். ரயிலில் இருந்து இறக்கியதும் ஒரு டாக்டர் கைத்தடியால் சிலரை வலது பக்கமும் சிலரை இடது பக்கமும் போகச் சொல்வானாம். இடது பக்கம் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அவர் மனைவி இடது பக்கம் போனாள். மகளும் போனாள். அவளுக்கு ஆறு வயது. அந்த டாக்டரின் பெயர் வெபர் இல்லை, ஆனால் முகம் அதேதான் என்றார். நான் கண்மணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

நீங்கள் எட்டு வருஷம் இந்த நாட்டில் இருந்தீர்கள், நான் ஐந்து வருஷம். யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை, அது இவர்கள் வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டோம். அவ்வளவு ஜெர்மன் பற்று உள்ள மனிதர் ஏன் ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வருவதில்லை என்று நாம் யோசித்திருக்க வேண்டாமா?

உடனே தபாலாபீசுக்கு ஓடினேன். என் கடிதம் போய்விட்டிருந்தது. ஹெர் லெவி போட்டோவைப் பார்த்து உட்கார்ந்ததையும் விலாசம் கேட்டதையும் நானே என் கையால் எழுதி அனுப்பினேன். நீங்களே உங்கள் வாயால் அவருக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. என் மேலும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாரம் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அவரிடமிருந்துதான் வந்தது. அழகான கையெழுத்து, மரியாதையான ஜெர்மன். உங்களுக்கு லேசான காய்ச்சல், தானே ஊசி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு ரயில் டிக்கெட்டும் வைத்திருக்கிறார், 29ஆம் தேதிக்கு அல்ல, 17ஆம் தேதிக்கு. கிளம்புவதை அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாமாம். உங்கள் கீழ்வீட்டு நண்பரின் முழுப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். கடைசியில், ஒன்று, ஏழு, ஏழு என்று தொடங்கும் பாட்டின் மீதியைக் குழந்தை வந்து என் மடியில் உட்கார்ந்து பாட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

ஹெர் லெவி போட்டோவை எடுத்துக்கொண்டு பிராங்பர்ட்டுக்குப் போனார், அரசு வக்கீல்களிடம். தான் திரும்பி வரும்வரை ஒன்றும் எழுத வேண்டாம் என்றார், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயினிலிருந்து ஒருவரைக் கொண்டுவர மாசக்கணக்கில் ஆகுமாம். நமக்கு மாசக்கணக்கில் நேரம் இல்லை. அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரோடு சாப்பிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் போலீசிடம் போகாதீர்கள்.

நாங்கள் வரவில்லை. வருவதாக அவர் நம்பட்டும். எங்கள் வண்டி 19ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அலிகாந்தே வந்து சேர வேண்டும். அவரும் நீங்கள் எழுதியிருந்த அந்தத் தோட்டத்துக் காவல்காரனும் காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்கட்டும். அவர்கள் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரம்தான் உங்களுடையது. பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பெட்டியைத் தொடாதீர்கள். போட்ட சட்டையோடு இறங்கிக் கடற்கரை ரோட்டில் வலென்சியா பஸ்ஸைப் பிடியுங்கள். அலிகாந்தே ஸ்டேஷன் பக்கமே போகக் கூடாது. வலென்சியாவிலிருந்து மாட்ரிட், அங்கே நம் தூதரகம். பாஸ்போர்ட் தொலைந்தது என்று சொல்லுங்கள்.

அதுவரை அவர் கொடுக்கும் மாத்திரையை விழுங்காதீர்கள், நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லி ஊசியைத் தட்டிக் கழியுங்கள். நடக்கத் தெம்பு இல்லாவிட்டாலும் நடங்கள் அத்தான். உங்களுக்குப் பொய் வராது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். இந்தப் பன்னிரண்டு நாளும் சொல்லுங்கள். கண்மணிக்காகச் சொல்லுங்கள். அவளுக்கு வெயில் வேண்டாம், நீங்கள் போதும். இந்த ஈரச் சுவருக்குள்ளேயே மூன்று பேரும் இருமிக்கொண்டு இருந்துவிடுவோம். இந்தக் கடிதம் எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும், யார் கையிலிருந்து வரும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இனி அவருக்குச் சொல்ல வேண்டியது.

பெரியவருக்கு எங்கள் நமஸ்காரம். டிக்கெட் கிடைத்தது, 17ஆம் தேதியே கிளம்புகிறோம். கீழ்வீட்டுக்காரர் கடையைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கண்மணி பாட்டை நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். தாத்தா தானே ஸ்டேஷனுக்கு வந்து தன்னைக் காரில் அழைத்துப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வண்டி தாமதமாக வந்தாலும் கோபிக்காமல் அவர் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் அவர் அலைய வேண்டாம். அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு, உங்கள்
கிரிஜா