சமையலறையில் ஒரு தீவு

ஜூன் 8

இன்று பெஹாலாவில் ஒரு பேரரசு கவிழ்ந்தது. எங்கள் சமையலறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து நேராகப் பருப்புச் சட்டியில் விழுந்தது. துர்கா பூஜைக்குள் சமையலறையைப் புதிதாகக் கட்டிவிட வேண்டும் என்று அண்ணன் தீர்ப்பளித்தார். அளித்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். இனி அதற்கும் பிறகு வரும் காளி பூஜைக்குத்தான் வெளியே வருவார்.

திட்டம் தீட்டும் பொறுப்பு எனக்கும் மோஹருக்கும். மோஹர் அண்ணனின் மருமகள், டெல்லியில் வளர்ந்தவள், கணினியில் வீடுகள் வரைபவள். நான் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற பிரம்மச்சாரி. பாதி வங்காளத்தை அளந்தவன். அண்ணியின் கையால் தின்றே இந்த உடம்பை வளர்த்தவன். சமையலறை கட்ட இதைவிட என்ன தகுதி வேண்டும்?

ஜூன் 10

மோஹரின் வரைபடம் வந்தது. சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் இல்லை. மையத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் மேடை, சுற்றி நடக்க வழி. அதற்குத் தீவு என்று பெயராம்.

"கடுகெண்ணெய் காஞ்சு கிளம்புற புகை எங்கம்மா போகும்?" என்றேன்.

"புகைபோக்கி இழுத்துக்கும் சித்தப்பா."

"உன் மாமியார் இலிஷ் மீன் பொரிச்சா ஹவுரா பாலமே இருமும். உன் மிஷின் எம்மாத்திரம்?"

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் சுவரை, ஒரு கண்ணாடிக் கதவோடு, மீட்டேன். அவள் தீவை வைத்துக்கொண்டாள். அடுப்புக்குக் கீழே மசாலா டப்பாக்களுக்கு ஆழமான இழுப்பறை, பெரிய கடாய் மல்லாந்து படுக்கும் அகலத்தில் கழுவுதொட்டி, புகைபோக்கி தோற்றாலும் கைகொடுக்க அடுப்பருகே ஜன்னல் — எல்லாம் என் மூளையில் உதித்தவை. தாஜ்மகால் கட்டியவனுக்குக்கூட இந்தப் பெருமிதம் இருந்திருக்காது.

அண்ணியிடம் காட்டினோம். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சரிதான்" என்றார்.

ஜூன் 11

இந்த வீட்டில் அண்ணி 'சரிதான்' என்று சொன்ன எதுவும் இதுவரை சரியாக இருந்ததில்லை.

ஜூன் 14

விபரீதம். அண்ணியின் அரிவாள்மணை பழைய செய்தித்தாளில் சுற்றி வாசல் ஓரம் கிடந்தது. பிறந்த வீட்டிலிருந்து அவரோடு வந்த அரிவாள்மணை. கொக்குக் கழுத்துபோல் வளைந்த அந்த இரும்பின் முன் தலைகுனியாத பலாப்பழம் இல்லை, பூசணி இல்லை, மீன் இல்லை.

"என்ன அண்ணி இது?"

"பாத்திரம் தேய்க்கிற ஷெஃபாலி கேட்டா. குடுத்துட்டேன்."

"மீனை யாரு வெட்டுறது?"

"மீன்காரன் வெட்டித் தருவான்."

"வாழைப்பூ?"

"போன்ல சொன்னா எல்லாம் வீட்டுக்கே வருதாமே கொழுந்தனாரே. அதுவும் வரும்."

போனில் வாழைப்பூவா? அதை எவன் ஆய்ந்திருப்பான், எந்த எண்ணெயில் வதக்கியிருப்பான் — ஐயோ, இந்த அம்மா சமைக்கிறதையே விட்டுடப் போறாங்க. ஏன்? நான் என்ன குறை வச்சேன்? இழுப்பறைகூட வச்சேனே.

ஜூன் 15

முட்டி வலியோ என்று நைசாகக் கேட்டேன். "என் முட்டி உங்க மூளையவிட நல்லாவே வேலை செய்யுது" என்றார். ஆக, முட்டி இல்லை.

ஜூன் 16

சமையலறைக்கு நேர் மேலே மொட்டைமாடி. அங்கே சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்துவிட்டேன்: கதவு, அடுப்பு, தொட்டி, தீவு. அண்ணியை வரவழைத்து, இதில் ஒரு மதியச் சமையலை நடித்துக் காட்டும்படி மன்றாடினேன்.

"இந்த வயசுல என்னைய வச்சு நாடகமா?" என்றபடியே வந்தார். இல்லாத கதவைத் திறந்தார். இல்லாத தொட்டியில் கை கழுவினார். "முதல்ல காய் நறுக்கணும்" என்றார். சுற்றிப் பார்த்தார். பிறகு நேராக நடந்து தீவின் நட்டநடுவில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, இல்லாத அரிவாள்மணையை மறுகாலால் அழுத்திக்கொண்டார்.

மோஹர் பதறினாள். "அம்மா, நீங்க மேடை மேல உக்காந்திருக்கீங்க."

"மேடை நேத்து வந்தது. நான் கல்யாணமான நாள்லேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன். அடுப்புல என்ன கொதிக்குதுன்னு இங்கேருந்தே காதுல விழும். யாரு வந்தாலும் எதிர்ல உக்காந்து நாலு வார்த்தை பேசுவாங்க. நின்னுக்கிட்டு வெட்டுறவ எதிர்ல யாரு வந்து நிப்பா?"

பாதி வங்காளத்தை அளந்தேன். ஒரு மனுஷி உட்காரும் இடத்தை அளக்கவில்லை. என் மூளையைப் பற்றிய அண்ணியின் கருத்தை இன்று நானும் ஆதரிக்கிறேன்.

 மோஹர் அண்ணிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்ல கத்திதான்மா. மீன் வெட்டும்போது ஒரு கை மீனைப் பிடிக்கும், ஒரு கை பயப்படும்."

"இதுல ரெண்டு கையும் மீனோடதான். பயப்படக் கை மிச்சம் இருக்காது."

மோஹர் துப்பட்டா நுனியால் தீவை அழித்தாள்.

ஜூன் 17

ஷெஃபாலி வீட்டுக்கு ஓடினேன். பொட்டலம் பிரிக்காமலே கட்டிலடியில் கிடந்தது. "நான் எங்கய்யா கேட்டேன்? அவங்களா கையில திணிச்சாங்க. தொடவே பயமா இருக்கு, கொண்டுபோங்க" என்றாள்.

ஊர்வலமாகக் கொண்டுவந்தேன். ஊர்வலத்தில் நான் மட்டும்.

செப்டம்பர் 2

கொத்தனாருக்குப் பெரிய சந்தேகம். "நடுவுல இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கீங்களே?"

அண்ணி சொன்னார்: "அதுதாம்பா சமையலறை. சுத்தி இருக்கிறதெல்லாம் சும்மா."

அந்த இடத்துக்கு மட்டும் வழுக்காத சிவப்புத் தரை. பக்கத்தில் தாழ்வாக ஒரு குழாய், தண்ணீர் ஓட ஒரு துளை, அம்மிக்கு ஒரு மூலை. குழாய் என் யோசனை. வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 30

பூஜைக்கு வீடெல்லாம் ஆட்கள். என் படைப்பைப் பார்வையிட்டுப் பாராட்டுகளை ஏற்க, வேட்டி மடிப்புக் கலையாமல் சமையலறைக்குப் போனேன். சிவப்புத் தரையில் அண்ணி. எதிரே மோஹர், புதிதாக வாங்கிய இன்னொரு அரிவாள்மணையோடு. மீன் தலை ஒன்று அவளிடம் வசமாக மாட்டியிருந்தது. பேச்சு என்னைப் பற்றித்தான். நான் நுழைந்ததும் இருவரும் சிரித்தார்கள்.

"கொழுந்தனாரே, நின்னு மேற்பார்வை பார்க்கிற இடம் இந்த வரைபடத்துல இல்ல" என்று அண்ணி ஒரு வாழைப்பூவை நீட்டினார்.

உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கைகொடுக்க அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் செய்தித்தாளோடு வந்து, நிலைமையைப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பக்கத்தின் ஓரங்களில் பதிந்திருக்கும் கறுப்புக் கைரேகைகள் மை அல்ல. வாழைப்பூக் கறை. தேய்த்தும் போகவில்லை. நாளைக்கு இன்னும் இரண்டு பூ வருகிறதாம்.