முப்பதுக்கு மேல் போகாத வால்வோ

அன்புள்ள குன்வோர்,

உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் காற்று ஓயவே இல்லை. மற்றபடி நான் நலம். கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, சூப் கொட்டி விரல் லேசாக வெந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேற்றுச் சாப்பிடும்போது நம் பையன் எலோஃப் போன் செய்தான். குளிர்காலம் முழுக்க அவனும் நானும் வீட்டு கராஜில் பிரித்துப் பூட்டிய பழைய வால்வோ காரைக் கிளப்பி, சத்தத்தைக் கேட்க வைத்தான். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் துள்ளி எழுந்ததில்தான் சூப் கொட்டியது.

என் அறைக்காரன் ரோவால்ட் நோர்வேக்காரன், விடுவானா?

"உங்க ஊர்ச் சட்டப்படி பதினஞ்சு வயசுப் பையன் ஓட்டணும்னு, நல்ல காரை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம கட்டிப்போட்டு வச்சிருக்கீங்க. சுவீடன்காரன் மூளையே தனிய்யா. உன் பையனை மாடு முந்திக்கிட்டுப் போகும் பாரு."

"போகட்டும்யா, மாட்டுக்கு என்ன அவசரமோ" என்றேன்.

பக்கத்து இருக்கைக் கதவின் கைப்பிடியை மட்டும் மாட்ட வேண்டாம் என்று எலோஃபிடம் சொல், அது நான் வந்து செய்யும் வேலை.

அடுத்த மாதம் ஸ்டேஷனுக்கு நீ வராதே, அவனையே அனுப்பு. உன் காரில் இருபது நிமிட வழி, அவனுக்கு ஒரு மணி நேரமாகும். எனக்கு அதுவும் போதாது, ஏரியைச் சுற்றி என்னை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்.

ஹெலிகாப்டருக்குத் தபால் பையைக் கட்டுகிறார்கள்.

உன்
பெர்