வாத்தோடு வீடு வந்தவன்

அன்பு அண்ணா,

மெல்பேர்னிலிருந்து நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய கிரிக்கெட் கவிதையை இன்று காலை எங்கள் நூலகத்தில் நோர்வேஜிய மொழியில் வாசித்தேன். அப்பா கடைசி வரிசையில் இருந்தார். நீங்கள் படிப்பைப் பாதியில் விட்டுப் போன நாளிலிருந்து உங்கள் பெயரையே சொல்லாதவர், எனக்குத் துணைக்கு மட்டும்தான் வந்ததாகச் சொன்னார்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து நீங்கள் 'டக்'கோடு வீடு வர, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாரே, அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒரு நோர்வேஜியப் பெண்மணி கையை உயர்த்தி, "அந்த வாத்தை எப்படிச் சமைத்தார்?" என்று கேட்டார். கிரிக்கெட் தெரியாத நான் அந்த 'டக்'கை வாத்து என்றே மொழிபெயர்த்திருந்தேன். என்ன பிழை என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

அப்பா எழுந்து நின்றார்.

"பிள்ளை, அது வாத்தில்லை, முட்டை! ஒரு ஓட்டமும் எடுக்காமல் அவுட்டாகி வந்திருக்கிறான்."

பிறகு அதையே நோர்வேஜியனில் விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். "சின்னனிலையும் அப்பிடித்தான். முதல் பந்தையே தூக்கி அடிக்கப் போவான்" என்று என்னிடம் சொல்லி, அவரும் சிரித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் மெதுவாகக் கேட்டார்.

"அங்கை இப்ப எத்தனை மணி?"

"இரவு எட்டு, அப்பா."

"அப்ப முழிச்சிருப்பான். நம்பரை எழுதித் தா."

எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார். அதனால்தான் இதை அவசரமாக எழுதி அனுப்புகிறேன். நோர்வே எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். மறுமுனையில் சத்தமே இல்லாவிட்டாலும் வைத்துவிடாதீர்கள்.

கிரிக்கெட் தெரியாத
உங்கள் தங்கை