இறந்தவராக அறிவிக்கக் கோரும் மனு

மோகோட்லோங்
11 பிப்ரவரி 1996

என் மகள் லினேயோவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை பஸ்ஸில் வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நம்பவில்லை. மாசேருவில் யார் உனக்குக் கீரை கடைந்து கொடுக்கிறார்கள்?

உங்கள் ஆபீஸ் வாசலில் குடும்பங்களுக்கும் தனி ஆட்களுக்கும் வியாபாரங்களுக்கும் சட்ட உதவி என்று போர்டு மாட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். என் சங்கதி இந்த மூன்றிலும் வரும் போலிருக்கிறது. எந்த மேசைக்குப் போகச் சொல்வாய்?

விஷயம் இதுதான். மாஃபிசா ஐயா கடையை விட்டுவிட்டு லெரிபேயில் மகனோடு போய் இருக்கப்போகிறார். இத்தனை வருஷம் கல்லாவில் நின்றவள் நான்தான் என்பதால் கடையை எனக்கே மாற்றிக் கொடுக்கிறேன் என்கிறார். சந்தோஷமாக லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு பையன், உன் வயதுகூட இருக்காது.

"புருஷன் கையெழுத்து எங்கம்மா?"

"அவர் இங்க இல்ல."

"செத்துட்டாரா?"

"தெரியல."

"அப்போ தெரிஞ்சிக்கிட்டு வாங்க. உயிரோட இருந்தா கையெழுத்து, போயிட்டார்னா சர்ட்டிபிகேட். ரெண்டுல ஒண்ணு இல்லாம பொம்பள பேருக்கு எதுவும் எழுத முடியாது."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அப்பா எல்லை தாண்டி வெல்கோம் தங்கச் சுரங்கத்துக்குப் போனபோது உனக்குப் பதின்மூன்று வயது. அதற்கப்புறம் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தார். பிறகு வரவில்லை. இத்தனை காலம் காணாமல் போனவரைக் கோர்ட்டே இறந்தவர் என்று சொல்லிவிடும் என்று கேள்விப்பட்டேன். அதை நீ செய்து கொடு. மாஃபிசா ஐயா ஆகஸ்டில் குளிர்காலம் முடியும்வரை காத்திருப்பார்.

உன் அம்மா

மாசேரு
3 மார்ச் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

கீரை நானே கடைந்துகொள்கிறேன். உன் கைப்பக்குவம் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ கேட்டதை எங்கள் சீனியர் மோனாஹெங் அம்மாவிடம் சொன்னேன். அப்படி ஒரு மனு போடலாம் என்கிறார். ஆனால் முதலில் நாம் உண்மையாகத் தேடினோம் என்று கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். சுரங்கத்துக்கு எழுதினேன், பதில் வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்பு ஆட்குறைப்பில் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். கணக்குத் தீர்த்து வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்ததாகப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், இங்கேயும் எல்லைக்கு அந்தப் பக்கமும். அடையாளம் ஏதாவது நினைவிருந்தால் எழுது.

இன்னொன்றும் மனுவில் எழுதியாக வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று நீ நம்புகிறாயா?

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆபீசில் நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுச் சண்டைகள். ஞாயிற்றுக்கிழமைதான் நீளமாக இருக்கிறது. போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்தபிறகு திங்கள் காலை பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கும்வரை வாய் திறந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

உன் லினேயோ

மோகோட்லோங்
24 மார்ச் 1996

லினேயோ,

அடையாளம் கேட்டாய். இடது புருவத்தை இரண்டாக வெட்டின மாதிரி ஒரு தழும்பு. கல்யாணத்துக்கு முன்பே குதிரை உதைத்தது. உயரம் உனக்குத் தெரியும், உன் உயரம் அவரிடமிருந்துதான்.

நம்புகிறாயா என்று கேட்டாய். முதல் இரண்டு வருஷம் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். பிறகு கிறிஸ்துமஸ் பஸ்ஸை மட்டும் பார்த்தேன். அப்புறம் பஸ் வரும் நேரத்தில் கடைக்குள் வேலை வைத்துக்கொண்டேன். இதில் எந்த வருஷத்தில் அவர் செத்தார் என்று எழுதுவாய்? கோர்ட்டுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதிக்கொள், நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஆள் வேண்டாம். தாள்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதினதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. எனக்கும் அப்படித்தான். கடை உண்டு என்பதால் ஆறு நாள் ஓடிவிடுகிறது. ஏழாவது நாள் உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொள்வேன். நமக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு நீ, உனக்கு நான்.

உன் அம்மா

மாசேரு
9 மே 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை உட்கார்ந்து படி. கல்லாவில் நின்றுகொண்டு படிக்காதே.

அப்பா உயிரோடு இருக்கிறார். போன வியாழக்கிழமை எங்கள் ஆபீசுக்கு நடந்தே வந்தார்.

வரவேற்பில் இருக்கும் பெண் ஒருவரை என் மேசைக்கு அனுப்பினாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, போர்வையோடு, ஒல்லியாக ஒருவர். புருவத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"மேடம், பேப்பர்ல என்னைச் செத்தவன்னு போடப்போறதா இருக்காமே. கூட வேலை செய்றவன் படிச்சுக் காட்டினான். அது தப்பு, திருத்திட்டுப் போகலாம்னு வந்தேன்."

உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்ததும் இருமல் வந்தது, நிற்கவே இல்லை. சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

"ஏன் வீட்டுக்குப் போகல?" என்று கேட்டேன். மனுவுக்காகக் கேட்பது மாதிரிதான் கேட்டேன்.

"வேலை போனப்ப வெறுங்கையோட போக வெக்கமா இருந்தது மேடம். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு போச்சு. அப்புறம் வெல்கோம்ல ஒருத்தியோட இருந்தேன். அவ செத்துட்டா. இப்ப லேடிபிராண்ட்ல செங்கல் சூளைக்கு வாட்ச்மேன்."

லேடிபிராண்ட், அம்மா. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் சனிக்கிழமைகளில் ஆற்றங்கரைப் பக்கம் நடப்பதாக உனக்கு எழுதுவேனே, அங்கே நின்றால் அந்த மலை தெரியும்.

படிவத்தில் விவரம் எழுதத் தொடங்கினேன். பிள்ளைகள் எத்தனை என்ற இடம் வந்தது. "ஒரு பொண்ணு. இப்ப பெரிசாயிருப்பா" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நான்தான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "மேடம்னு கூப்பிட்டுட்டேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மனு இனிச் செல்லாது. கடைக்கு என்ன கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்கிறார். உன்னைப் பார்க்க வரலாமா என்றும் கேட்டார். அதை அம்மாதான் சொல்ல வேண்டும் என்றேன்.

உன் லினேயோ

மோகோட்லோங்
20 மே 1996

லினேயோ,

படித்தேன். வர வேண்டாம்.

அவர் உயிரோடு இருப்பதால் விவாகரத்து வாங்கலாம் அல்லவா? அதைத் தாக்கல் செய். நீயே எனக்காக நில். இதற்காகத்தானே உன்னைச் சட்டம் படிக்க வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தாயா? அதை எழுதவில்லையே.

அம்மா

மாசேரு
16 ஜூன் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

கொடுத்தேன். கடையில் சோளக்களியும் கறியும் வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டார்.

நான் உனக்காக நிற்க முடியாது அம்மா. அம்மாவுக்காக அப்பாவை எதிர்த்து மகள் வழக்காட முடியாது என்று மோனாஹெங் அம்மா சொல்லிவிட்டார். அறிவிப்பும் விசாரணையும் எங்கள் ஆபீஸ் வழியாகப் போனதால் ஆபீசே இதை எடுக்காதாம். வேறிடத்தில் நல்ல வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டேன், உனக்கு அவரே எழுதுவார். அப்பா எதிர்த்து எதுவும் சொல்லப்போவதில்லை.

கடைக்கான சம்மதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், இதோடு வைத்திருக்கிறேன். இதைக் கொடுத்தால் லைசென்ஸ் இந்த மாதமே கிடைக்கும். விவாகரத்துக்காக நீ காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேறு யார் வாயாலாவது நீ கேட்கக் கூடாது. சூளையில் குளிர் தாங்காமல் படுத்துவிட்டார். யாரும் இல்லை. என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திரை கட்டி ஒரு பக்கம் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் உனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. ஆபீஸ் முடிந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மனிதர் "வந்துட்டியா?" என்று கேட்கிறார். இந்த ஊருக்கு வந்தபிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் செய்ததை நான் மறக்கவில்லை. இருந்தாலும் ஆபீஸ் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகிறேன்.

உன் லினேயோ

மாசேரு
28 ஜூலை 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மலைப்பாதையில் பனி விழுந்து பஸ் நின்றுவிட்டது என்கிறார்கள். அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கு செப்டம்பர் கடைசியில் வருகிறதாம். என்னோடு வந்து தங்கு. அந்த நாட்களில் அவரைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுகிறேன். உன் கண்ணில் பட மாட்டார். நீ வந்தால் மட்டும் போதும்.

கடை திறந்தாயிற்றா?

உன் லினேயோ

மோகோட்லோங்
6 அக்டோபர் 1996

என் மகள் லினேயோவுக்கு,

பஸ் இரண்டு வாரம்தான் நின்றது. நான்தான் எழுதவில்லை.

அவர் கையெழுத்துப் போட்ட தாளை நான் கொடுக்கவில்லை. உன்னைப் பெரிய பள்ளிக்கு அனுப்பினபோதும், கூரை பறந்த வருஷமும், கல்லூரிக்குப் பெட்டி கட்டினபோதும் இல்லாத கை அது. அந்தக் கையால் கடை எனக்கு வர வேண்டாம் என்று நினைத்தேன். விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை மாஃபிசா ஐயா காத்திருந்தார். போன திங்கள் லைசென்ஸ் ஆபீசில் நானே கையெழுத்துப் போட்டேன். அதே பையன்தான். தீர்ப்பைப் படித்துவிட்டு, "இப்ப சரிம்மா" என்றான்.

தீர்ப்பு எப்போது வந்தது என்று யோசிப்பாய். வழக்கு ஒரு வாரம் முன்னாலேயே எடுக்கப்பட்டது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னது நான்தான். கோர்ட்டில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தைரியம் போய்விடும். அவர் எதிர்க்காததால், அவர் வராமலே கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அன்று சனிக்கிழமை இல்லாவிட்டாலும் உனக்கு விடுமுறை என்று உன் ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பீன்ஸும் உலர்ந்த பீச் பழமும் மூட்டையில் இருந்தது. உன் வீட்டுக்கு வந்தேன்.

வாசல் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். முற்றத்தில் வெயில். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் துண்டைப் போட்டு, நீ முடி வெட்டிக்கொண்டிருந்தாய். அவர் ஏதோ சொன்னார். நீ கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். அவரும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நீ முதுகைத் தடவிக் கொடுத்தாய்.

உன் வீட்டுக்கார அம்மா வந்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"வீடு மாறி வந்துட்டேன்" என்றேன். மூட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர்மேல் கோபமா என்றால், இல்லை. மெலிந்துபோன ஒரு ஆள், அவ்வளவுதான். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. நான் வளர்த்த பிள்ளையின் சிரிப்பை அவர் வந்த சில மாதங்களில் வாங்கிக்கொண்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாம் இரண்டு பேரும் இருந்தபோது நீ அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவே இல்லை. எப்போதும் எதையாவது சமாளித்துக்கொண்டே இருந்தோம். சிரிக்க நேரம் ஏது?

அவரை அனுப்பிவிடு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அனுப்பிவிடுவாய் என்ற பயத்தில்தான் இத்தனை நாள் எழுதவே இல்லை. நீ செய்வது சரி. அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே. உன் நாளைப் பற்றி எழுதினால் அதில் அவர் வருவார். அவரை விட்டுவிட்டு எழுதினால் விட்ட இடம் எனக்குத் தெரியும். அவர் காலம் முடிந்ததும் ஒரு வரி எழுது. நான் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அதுவரை நன்றாகச் சாப்பிடு. அவருக்கு உப்பு குறைத்துப் போடு, நெஞ்சு நோய்க்காரர்களுக்கு அது ஆகாது.

உன் அம்மா