வெள்ளிக்கிழமை ஊதிய விசில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு மிச்சம் பிடிப்பதை விட்டீர்களா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிகளுக்கிடையே நடக்கும் வாலிபால் இறுதிப்போட்டி சனிக்கிழமை நடப்பதாக இருந்தது. எங்கள் கேப்டன் பெண்ணின் வீட்டில், அவர்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கப்படி, சனிக்கிழமை ஓய்வுநாள், விளையாடக் கூடாது. அட்டவணை போடுவதும் ஆட்டத்தை நடத்துவதும் நான்தான் என்பதால் வெள்ளி மாலைக்கு மாற்றினேன். வெள்ளியன்று சூரியன் மறையும்போதே அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பது இந்த மரமண்டைக்குத் தெரியவில்லை.

ஆட்டம் ஐந்தாவது செட் வரை இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பெண் பந்தை விட்டுவிட்டு மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சர், பொழுது இறங்குது. நான் போகணும்” என்றாள். நான் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டேன்.

எதிரணிப் பள்ளி புகார் கொடுத்துவிட்டது. “யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?” என்றார் தலைமையாசிரியர். விசாரணை வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய அப்பா வந்து, “நான் உங்களுக்காகப் பேசுறேன் டீச்சர். என்னைக்கு?” என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணி என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொரு தடவை தேதியை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பழைய பள்ளியின் அனுபவச் சான்றிதழ் பீரோவில் இருக்கும், எடுத்து வையுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை பத்து மணிக்கு போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்