திருப்பி அனுப்பாத படம்

14 நவம்பர் 2006, செவ்வாய்

லொங்குய்ய் நகரில், பழைய ஆவணங்களை ஸ்கான் செய்யும் எங்கள் அலுவலகத்தில் இன்று அமெரிக்க உள்நாட்டுப் போர் விதவைகளின் ஓய்வூதியக் கோப்புகளை ஸ்கான் செய்தேன். ஒன்றுக்குள் ஒரு கறுப்பினப் படைவீரனின் படம் இருந்தது. செத்தவன் தன் புருஷன்தான் என்று காட்ட மனைவி அனுப்பியது. வேறு படம் இல்லை, தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். அனுப்பவில்லை. அதனால்தான் என் கைக்கு வந்தது.

பக்கத்து மேசை ரவி அண்ணை எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு பத்திரமா வைச்சிருக்கினம், பாத்தீங்களோ?"

"ஓம் அண்ணை."

ஊரில் என் புருஷன் காணாமல் போனதை நம்பவைக்க, அகதி விசாரணையில் நானும் எங்கள் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். இருந்தது அது ஒன்றுதான். கோப்போடு போய்விட்டது.

சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு மீசை இருந்ததோ?"

இருந்தது என்று உடனே சொல்லிவிட்டேன். நித்திரை வரவில்லை. இருந்ததா?